பழைய கணினியில் சிசிடிவி அமைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: மதுரையில் எங்களுக்கு நேர்ந்தது

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும், தனியாக ரெக்கார்டர் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு பழைய கம்ப்யூட்டரிலேயே வீடு முழுவதையும் குறைந்த செலவில் கண்காணிக்கலாம் என்று சொல்லி வேலை பிடிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்த முறையில் தவறேதும் இல்லை. நான்கு கேமராக்களுக்கு ஓரளவு நல்ல டெஸ்க்டாப் ஒன்று தாராளமாகப் போதும். ஆனால் கணினியின் கேபினெட்டுக்குள் என்ன வைக்கிறார்கள், கேமராவின் கணக்கை யார் பெயரில் திறக்கிறார்கள் என்ற இரண்டு இடங்களில் எங்களை ஏமாற்றினார்கள். அதே ஆட்கள் இன்னும் பல வீடுகளில் வேலை செய்துகொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

நாகமலை புதுக்கோட்டையில் என் பெற்றோர் இருவர் மட்டும் வசிக்கிறார்கள். நகருக்குள் இருக்கும் ஒரு கணினிக் கடையினர், அலுவலகத்தில் கழித்துவிட்ட டெஸ்க்டாப் ஒன்று, நெட்வொர்க் வயரில் இணையும் நான்கு ஐபி கேமராக்கள், அதே வயரில் அவற்றுக்கு மின்சாரமும் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச், வயரிங் எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். வாட்ஸ்ஆப்பில் அவர்கள் அனுப்பிய கொட்டேஷனில் ‘2 டிபி புதிய சர்வைலன்ஸ் ஹார்ட் டிஸ்க், 30 நாள் பதிவு’ என்று தெளிவாக இருந்தது. பணம் வாங்கிய பிறகு அப்பாவிடம் கொடுத்த பில்லிலோ ‘சிசிடிவி செட், பிசியுடன்’ என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் இல்லை. பொருள்களின் சீரியல் எண்ணும் இல்லை, வாரண்டிக் காலமும் இல்லை.

சில மாதங்களில் வாசலில் நின்ற டிவிஎஸ் எக்ஸெல் இரவோடு இரவாகக் காணாமல் போனது. புகார் கொடுக்கச் சென்றபோது காவலர்கள் முதலில் கேட்டது அன்றைய பதிவைத்தான். நான்கு கேமராக்களும் திரையில் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பதிவுகள் சேரும் ஃபோல்டரைத் திறந்தால், திருட்டுக்கு முந்தைய வாரத்தோடு எல்லாம் நின்று போயிருந்தது. நேரலைப் படம் கேமராவிலிருந்து நேரே திரைக்கு வருகிறது; பதிவு ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட வேண்டும். டிஸ்க் கெட்டுப்போனாலும் நேரலை தொடர்ந்து ஓடும் என்பதால், திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்குக் கோளாறு தெரிய வழியே இல்லை.

கேபினெட்டைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தோம். அதன் மேல் ஒட்டியிருந்த லேபிளின் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்துப் பார்த்தபோது அடியில் வேறொரு லேபிள், வேறொரு சீரியல் எண், பல ஆண்டுகளுக்கு முந்தைய தயாரிப்புத் தேதி. கொள்ளளவு 2 டிபி அல்ல, 1 டிபி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’, அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மொத்த மணிநேரம், 41,000-ஐத் தாண்டியிருந்தது. இடைவிடாமல் ஓடியிருந்தாலும் நான்கரை ஆண்டுகளுக்கு மேல் உழைத்த டிஸ்க் அது. பழுதடைந்து மாற்றப்பட்ட செக்டார்களின், அதாவது தகவல் எழுதப்படும் சிறு பகுதிகளின், எண்ணிக்கையைக் காட்டும் வரி எச்சரிக்கை நிறத்தில் இருந்தது. புதியது என்று சொல்லி விற்றது இதைத்தான்.

இந்த மணிக்கணக்கையும் முழுமையாக நம்பிவிட முடியாது. 2025 தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் டிஸ்க்குகளை மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதியவை போல விற்றது ஜெர்மனியில் வெளிவந்தது. டிஸ்க்கிற்குள் தனியாகச் சேமிக்கப்படும் ‘ஃபார்ம்’ என்ற பதிவேட்டில் உண்மையான மணிகள் அழியாமல் இருந்ததால்தான் மோசடி பிடிபட்டது. ஆகவே சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்புக்கான டிஸ்க்குகள் நாள் முழுவதும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. கடைக்காரர் பெட்டியைப் பிரிப்பதை நேரில் இருந்து பார்த்துவிட்டு, எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

முப்பது நாள் என்ற வாக்குறுதியும் தொடக்கத்திலிருந்தே பொய்தான். வினாடிக்கு 1 மெகாபிட் அளவில் தகவல் அனுப்பும் கேமரா ஒரு நாளில் 10.8 ஜிபி எடுத்துக்கொள்ளும் (1 டிபி என்பது 1,000 ஜிபி). எங்கள் கேமராக்களை 4 மெகாபிட்டில் வைத்திருந்தார்கள். நான்கிற்கும் சேர்த்து நாளொன்றுக்கு 172.8 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் அது ஆறு நாளைக்குக்கூட வராது. சொன்னபடி 2 டிபி போட்டிருந்தாலும் பன்னிரண்டு நாளைத் தாண்டாது. படத்தை இன்னும் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் 2 மெகாபிட்டுக்குக் குறைத்தாலும் ஒரு மாதத்திற்கு 2.6 டிபி தேவைப்படும் என்பதால், 24 மணி நேரப் பதிவை ஒரு மாதம் வைத்திருக்க விரும்புபவர்கள் 4 டிபி டிஸ்க்கைத்தான் கேட்க வேண்டும். எத்தனை நாள் பதிவு என்று சொல்கிறவரிடம் எத்தனை மெகாபிட்டில் என்று கேளுங்கள்; பதில் வராவிட்டால் அந்த வேலையை அவரிடம் கொடுக்க வேண்டாம்.

வண்டி போனதைவிடவும், டிஸ்க்கில் ஏமாந்ததைவிடவும் என்னை உலுக்கியது அடுத்து வந்தது. அப்பாவின் கைப்பேசியில் இருந்த கேமரா செயலியைப் பார்த்தபோது, அதில் இருந்தது பகிரப்பட்ட பார்வையாளர் உரிமை மட்டுமே. உரிமையாளர் கணக்கு வேலைக்கு வந்த இளைஞரின் எண்ணில் திறக்கப்பட்டிருந்தது. கணினியில், வீட்டில் யாரும் அனுமதி கொடுக்காமலேயே வெளியிலிருந்து உள்ளே நுழையும்படி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை நிரந்தரக் கடவுச்சொல்லோடு அமைத்திருந்தார்கள். நான்காவது கேமரா கூடத்தில் இருக்கிறது. அம்மா பகலெல்லாம் அங்கேதான் இருப்பார், மதியம் அங்கேதான் படுப்பார். இத்தனை மாதங்களாக யாரோ ஒருவர் நினைத்த நேரத்தில் அதைப் பார்த்திருக்க முடியும். கடையில் போய்க் கேட்டபோது, “பாஸ்வேர்டு எங்ககிட்ட இருந்தாத்தான் சார் சர்வீஸ் பண்ண முடியும், எல்லா வீட்லயும் அப்படித்தான் வச்சிருக்கோம்” என்றார் பொறுப்பாளர். எல்லா வீட்டிலும் என்ற அந்தச் சொல்லுக்காகவே இந்தப் பதிவைப் பலருக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேமராக்களிலோ ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல் அப்படியே இருந்தது. ரவுட்டரில் அவற்றுக்காகப் போர்ட், அதாவது இணையத்திலிருந்து நேரே அவற்றை அடையும் வழி, திறந்து வைத்திருந்தார்கள். இப்படி மாற்றப்படாத கடவுச்சொற்களைப் பயன்படுத்தித்தான் 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது. வயரிலும் கைவரிசை இருந்தது. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் செம்புக்கு அடியில் வெள்ளை நிறம் தெரிந்தது, அதாவது செம்பு பூசிய அலுமினியம். கேமராவுக்கான மின்சாரமும் அதே வயரில்தான் போகிறது என்பதால் இது இணைப்பு அறுந்து அறுந்து வருவதற்கும் வயர் சூடாவதற்கும் இடம் கொடுக்கும். பதிவு செய்யும் மென்பொருளும் உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி. அதை ஓட வைப்பதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தியிருந்தார்கள். ஜோன்மைண்டர் போன்ற நல்ல பதிவு மென்பொருள், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்போது இதற்கு என்ன தேவை இருந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது கணினியை முழுவதுமாக அழித்து லினக்ஸ் போட்டு, புதிய டிஸ்க் வைத்து, வெளியிலிருந்து திறக்கும் போர்ட்டுகளை எல்லாம் அடைத்துவிட்டோம். கூடத்துக் கேமரா கழற்றப்பட்டுவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்த பிறகு, டிஸ்க்கிற்கான தொகையை மட்டும் திருப்பித் தருவதாகக் கடையினர் இறங்கி வந்தார்கள்; கணக்கை ஏன் தங்கள் பெயரில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதுவரை பதில் இல்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ அங்கே மனுக் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கையில் இருக்கும் வலுவான சான்று அந்த வாட்ஸ்ஆப் கொட்டேஷன்தான் என்பதால், உங்களுக்கு வந்தவற்றை அழித்துவிடாதீர்கள்.

இப்படி ஒரு செட்டை ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள், செயலியில் உரிமையாளர் யார் என்பதை இன்றே பாருங்கள். அது உங்கள் எண்ணாக இல்லாவிட்டால், அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கு உங்கள் பெயருக்கு மாறும் வரை வீட்டுக்குள் பார்க்கும் கேமராவின் வயரைப் பிடுங்கி வையுங்கள்.