ஏசான்: பிழை பிடிப்பதில் புலி, கெர்னல் மாறினால் எலி

சி பிளஸ் பிளஸ்ஸில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அட்ரஸ்சானிடைசரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுருக்கமாக ஏசான். கூகுளில் உருவானது. இப்போது கிளாங், ஜிசிசி இரண்டு கம்பைலர்களுடனும் இலவசமாகவே வருகிறது. கம்பைல் செய்யும்போது ஒரு ஃபிளாக் சேர்த்தால் போதும், மெமரியில் எல்லை தாண்டி எழுதுவது, விடுவித்த இடத்தை மறுபடி தொடுவது எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்துவிடும்.

எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். எங்கள் புரோகிராம் லாரி எடைமேடைகளில் ஓடுவது. எடைகாட்டி சீரியல் போர்ட் வழியாக அனுப்பும் எழுத்துகளை வாங்கி ரசீது அடிக்கும். யாரோ, எப்போதோ, எட்டு பைட் இடம் ஒதுக்கி, அதில் எட்டு எழுத்தையும் நிரப்பி, முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தை ஒன்பதாவதாக எழுதி வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக மாறிகள் இருக்கும் மெமரி) இருந்ததால், மெமரி பிழை தேடும் இன்னொரு கருவியான வால்கிரிண்ட் வாயே திறக்கவில்லை. ஏசான் முதல் ஓட்டத்திலேயே நிறுத்திவிட்டது: எந்த ஃபைல், எத்தனையாவது வரி, எந்த மாறி, எத்தனை பைட் தாண்டியது என்று எல்லாம் திரையில். இதைப் பார்த்த பிறகு இந்தக் கருவி மேல் எனக்குப் பாசம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

வேகமும் பரவாயில்லை. வால்கிரிண்டில் ஓட்டினால் புரோகிராம் 20, 30 மடங்குகூட மெதுவாகும். ஏசானில் சுமார் இரண்டு மடங்குதான். அதனால் எங்கள் டெஸ்ட்டுகள் எல்லாம் ஏசானோடுதான் ஓடுகின்றன.

சரி, இனி குறைக்கு வருவோம்.

டெஸ்ட் சர்வரில் வழக்கம்போல பாதுகாப்பு அப்டேட் போட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும் புதிதாக மாற்றி ரீபூட் செய்தார்கள். அதற்கப்புறம் டெஸ்ட்டுகள் காரணமே இல்லாமல் விழ ஆரம்பித்தன. அதுவும் எப்போதும் இல்லை, சில சமயம் மட்டும். விழும்போது வழக்கமான அறிக்கையும் கிடையாது. 'அட்ரஸ்சானிடைசர்: டெட்லி சிக்னல்' என்ற ஒரே வரி, அதற்குக் கீழே மறுபடி அதே வரி, மறுபடி அதே வரி. நிற்கவே நிற்காது. புரோகிராமை வெளியிலிருந்து கொல்லும்வரை லாக் ஃபைல் ஊதிக்கொண்டே போகும். பிழையைச் சொல்வதற்கென்றே செய்த கருவி, தன் பிழையைச் சொல்லும்போது இப்படித் திக்குவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

பிழை தேட உதவும் டீபக்கரான ஜிடிபி-யில் ஓட்டினால் ஒரு தடவைகூட விழாது. உடனே எல்லோருக்கும் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) மேல் சந்தேகம் வரும். ஆனால் துப்பு இங்கேதான் இருக்கிறது. ஜிடிபி தான் ஓட்டும் புரோகிராமுக்கு ஏஎஸ்எல்ஆரை அணைத்துவிடும். அதாவது, புரோகிராமை ஒவ்வொரு முறையும் மெமரியில் வேறு வேறு இடத்தில் ஏற்றும் கெர்னலின் பாதுகாப்பு ஏற்பாடு அங்கே இல்லை. அது இல்லாதபோது எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால், சண்டை அதோடுதான்.

காரணம் இதுதான். ஏசான் புரோகிராமின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் வீதம் நிழல் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதோடு, மால்லாக் (புரோகிராம் ஓடும்போது மெமரி கேட்கும் ஃபங்ஷன்) கேட்கும் இடத்தையெல்லாம் தானே ஒதுக்கித் தருகிறது. இரண்டுக்கும் முகவரிகளை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. சாதாரண 64 பிட் இன்டெல் கெர்னலில் இந்த இடமாற்றத்துக்கு 28 பிட் அளவு. மெமரிப் பக்கம் ஒன்றுக்கு 4 கேபி என்று கணக்குப் போட்டால், புரோகிராம் 1 டெராபைட் தூரத்துக்குள் எங்காவது உட்காரும். ஏசானின் இடம் அதற்கு அப்பால் இருந்தது, அதனால் மோதல் இல்லை. பேட்ச் செய்த கெர்னல் இதை உச்சபட்சமான 32 பிட்டுக்கு உயர்த்திவிட்டது. தூரம் 16 டெராபைட் ஆனது. பழைய ஏசான் மால்லாக்குக்காக வைத்திருந்த 4 டெராபைட் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. ஏறக்குறைய நாலில் ஒரு ஓட்டம் விழுகிறது என்றால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் இந்தக் கெர்னல் மாற்றம் பலருடைய பில்டுகளையும் இப்படித்தான் பதம் பார்த்தது.

கெர்னலைக் குறை சொல்ல மாட்டேன். இடம் எவ்வளவு கணிக்க முடியாததோ, தாக்குகிறவனுக்கு அவ்வளவு கஷ்டம். அது அதன் வேலை.

தீர்வுகளில் எளிதானது, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை மூலம், மேலே சொன்ன பிட் அளவான எம்மேப் ஆர்என்டி பிட்ஸ் மதிப்பை 28க்கு இறக்குவது. ரூட் அனுமதி வேண்டும், ரீபூட் தாண்டியும் நிலைக்க கான்ஃபிக் ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். டெஸ்ட் மெஷினில் மட்டும் செய்யுங்கள், வாடிக்கையாளர் சர்வர் பக்கம் போக வேண்டாம். ஒரு புரோகிராமுக்கு மட்டும் போதுமென்றால் செட்ஆர்ச் கட்டளையில் பெரிய ஆர் போட்டு, ஏஎஸ்எல்ஆர் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் புரோகிராம்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கருக்குள் அது 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும், ஏனென்றால் டாக்கரின் இயல்பான செக்காம்ப் விதிகள் (கெர்னலுக்குப் போகும் அழைப்புகளை வடிகட்டுபவை) அந்த அழைப்பைத் தடுக்கின்றன. பிட் மதிப்பையும் கன்டெய்னருக்குள்ளிருந்து மாற்ற முடியாது, ஹோஸ்ட்டில்தான் மாற்ற வேண்டும். உண்மையான தீர்வு புதிய கிளாங். அதில் மால்லாக் இடத்தையே மோதாத முகவரிக்கு நகர்த்திவிட்டார்கள். எங்களுக்குப் பழைய கம்பைலரை விட முடியாத கட்டாயம் இருப்பதால் 28 பிட்டோடு காலம் தள்ளுகிறோம்.

த்ரெட்களுக்கு இடையிலான மோதல்களைப் பிடிக்கும், இதே குடும்பத்து த்ரெட்சானிடைசர் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாகரிகமானது. 'எதிர்பாராத மெமரி மேப்பிங்' என்று முகவரியோடு ஒரே வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த ஒரு வரி ஏசானிடமும் இருந்திருந்தால் விஷயம் ஒரு காபி நேரத்தில் முடிந்திருக்கும்.

வால்கிரிண்டுக்கு மாறிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: அதுவும் கெர்னல் பேட்ச்சிடம் அடி வாங்கியதுதான். பாக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு பேட்ச் போட்ட கெர்னல்களில், எழுதவும் இயக்கவும் முடிகிற மெமரி கிடைக்காமல் வால்கிரிண்ட் முடங்கும், அதன் பாக்ஸ்சிடிஎல் கட்டளை கொண்டு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தித்தான் ஓட்ட வேண்டும். ஆனால் மதிப்பே கொடுக்காத மாறியைப் படிப்பதை அது பிடிக்கும், ஏசான் பிடிக்காது. அதனால் எங்களிடம் பகலில் ஏசான், ராத்திரி வால்கிரிண்ட்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன், சர்வரில் பிட் மதிப்பு 28ஆ 32ஆ என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 32 என்றிருந்து கம்பைலரும் பழையது என்றால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் உங்கள் கோடைச் சந்தேகப்படுங்கள்.