பவர் பத்திரத்தில் வீடு வாங்கப் போய் கோவை வரை போன கதை

"இது முப்பத்தி நாலு நாள் ஆயிடுச்சு சார், செல்லாது." வீட்டை விற்கிறவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் கொடுத்த உயிர்வாழ் சான்றின் தேதியைப் பேனாவால் தட்டிக் காட்டிவிட்டு, எங்கள் மொத்தக் கட்டையும் என் பக்கம் திருப்பித் தள்ளினார் பதிவு அலுவலக ஊழியர். 30 நாளுக்குள் வாங்கிய சான்று வேண்டுமாம். நாலே நாள்தான் கூடுதல். அன்று வியாழக்கிழமை, ஞாயிறு இரவு எனக்குச் சிங்கப்பூர் விமானம். அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். அம்மா திருச்சி உறையூரில் தனியாக இருக்கிறார். வாடகை வீட்டில் மாடிப்படி ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு, பின்னால் கிணற்றோடு, விலைக்கு வந்தது. உரிமையாளர் 82 வயது அம்மா, கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். விற்பதற்காகத் தன் தம்பி மகனுக்குப் பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக் கொடுத்திருந்தார். பேசி முடித்த விலை 58 லட்சம். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைச் சிங்கப்பூரில் இருந்தபடியே இறக்கிப் பார்த்துவிட்டேன். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் சரி. 5 லட்சம் முன்பணம் அந்தத் தம்பி மகனின் கணக்குக்கு அனுப்பி, ஒப்பந்தமும் போட்டாயிற்று.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நான் வீடு வாங்கியபோது விற்றவர்களோடு நாலு வார்த்தைகூடப் பேசியதாக நினைவில்லை. வக்கீல் பார்த்துக்கொண்டார். அங்கே நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அதற்கு அரசாங்கம் பொறுப்பு. நம் ஊரில் பதிவாவது பத்திரம்தான். விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று பார்ப்பது வாங்குகிறவன் தலையில் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் கவுண்டரில் நிற்கும்போது சிங்கப்பூர்க் கணக்குத்தான் மனதில் ஓடியது. டோக்கன் வாங்கி, கட்டணம் கட்டி, இரண்டு சாட்சிகளை வேலைக்கு லீவு போடச் சொல்லி அழைத்து வந்த பிறகு, ஒரு தேதிக்காகத் திருப்பி அனுப்புவதா?

வெளியே புங்கமரத்தடியில் பத்திர எழுத்தரின் மேசை. அப்பா காலத்தில் இருந்து எங்கள் வீட்டுப் பத்திரங்களை எழுதுகிறவர். ராகுகாலம் தொடங்கிவிட்டது, மூன்று மணி வரை எதுவும் நகராது என்று டீ சொன்னார். தம்பி மகன் பக்கத்திலேயே நின்று, "நாளைக்கே வேற சர்ட்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வாங்கிடலாம் சார், டாக்டர் தெரிஞ்சவர்தான்" என்றார். அவர் போன் பேச நகர்ந்ததும் எழுத்தர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, அந்தம்மாவ நீங்க பார்த்தீங்களா?"

"இல்லீங்கய்யா. போன்ல பேசலாம்னு ரெண்டு தரம் கேட்டேன். தூங்குறாங்கன்னு சொன்னார்."

"பவர் பத்திரத்துலயே விலாசம் இருக்கு. ஒரு நடை போயிட்டு வாங்க."

உயிர்வாழ் சான்றை ஏன் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் அவரிடம் பொறுமையாகக் கேட்டேன். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த நிமிடமே பவர் செத்துவிடும். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு முகவர், அதாவது பவர் வாங்கியவர், போடும் கையெழுத்தை வைத்துக்கொண்டு வாரிசுகளோடு கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். உயிரோடு இருந்தாலும், பவரைப் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதனால் பதிவு நாள் காலையில் வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது என்றார். பவரையும் ஒப்பந்தத்தையும் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீடு வாங்கிவிட்டதாக நம்பியவர்கள் எத்தனை பேர்! அது விற்பனையே ஆகாது, கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. என் சித்தப்பா மகன் அப்படி வாங்கிய மனைக்கு இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை பஸ். தம்பி மகனிடம் சொன்னபோது, "எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்" என்று நாலைந்து முறை சொன்னார். கரூர், காங்கேயம் வழியாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனது, கல்லூரி நாட்களுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அதை நான் ரசித்திருக்க வேண்டும். ரசிக்க முடியவில்லை.

சாயிபாபா காலனியில் மகள் வீடு. அந்த அம்மா கூடத்தில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நல்ல ஞாபகம், நல்ல குரல். நான் யார் என்று சொன்னதும், "உறையூர்ல யாரு மகன் நீ?" என்றுதான் முதலில் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். அப்பா சைக்கிளில் பேங்குக்குப் போனதைச் சொன்னார். காபி வந்தது. அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "நாப்பத்தாறு உனக்குக் கட்டுப்படியாகுதாப்பா? பழைய வீடு, மராமத்து வேற இருக்கு."

நான் 58 என்றேன்.

அவர் கை கீரைக்கட்டிலேயே நின்றுவிட்டது. மகள் சமையலறையில் இருந்து வெளியே வந்தார். முன்பணம் எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்களுக்கு வந்திருந்தது 1 லட்சம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "என் தம்பி புள்ளதான். நான் தூக்கி வளர்த்தவன்," என்றார் அந்த அம்மா. அழவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நானே வந்து கையெழுத்துப் போடறேன்" என்றார்.

பணத்தை வாங்கும் அதிகாரம் பவரில் இருந்தது. தம்பி மகனிடமே முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும் பத்திரம் பதிவாகியிருக்கும். ஆனால் வாங்கிய தொகைக்குப் பவர் கொடுத்தவரிடம் கணக்குக் காட்ட வேண்டியது முகவரின் கடமை. அவர் காட்டாமல் இருந்திருந்தால், இந்த அம்மா வழக்குப் போட்டிருந்தால், அது என் அம்மா குடியிருக்கும் வீட்டின் மேல்தான் வந்து நின்றிருக்கும். அந்தக் கவுண்டர் ஊழியர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்தக் கூடத்திலேயே போய்விட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்து சொன்னார்: "ஐப்பசி மழையில கொல்லைப்பக்கம், துவைக்கிற கல்லுகிட்ட தண்ணி நிக்கும். ரெண்டு நாள் ஆகும் வடிய. அவன் சொன்னானா?" தம்பி மகன் சொல்லவில்லை. விலையைக் குறைக்க வேண்டுமா என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.

டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். திங்களன்று மகளோடு காரில் வந்து இறங்கினார். முதலில் பவர் ரத்துப் பத்திரம், பிறகு அவரே எழுதிக் கொடுக்கும் கிரயப் பத்திரம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 5 லட்சத்து 22 ஆயிரம். வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம் போக மீதிப் பணம் அவர் பெயரிலேயே டிடி. தம்பி மகனிடம் நிற்கும் 4 லட்சத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக மகள் சொல்லிவிட்டார். கைரேகை இயந்திரம் அந்த அம்மாவின் கட்டைவிரலை ஐந்து முறை ஏற்கவில்லை. அதே ஊழியர் எழுந்து வந்து, ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்டு, "மெதுவா வைங்கம்மா, அவசரமில்ல" என்றார். ஆறாவது முறை விழுந்தது.

பட்டா மாற்றம் பாக்கி இருக்கிறது. அம்மா ஆவணியில் பால் காய்ச்சிக் குடிபோய்விட்டார். நேற்றுக் காலை போன் செய்தார், இரவெல்லாம் நல்ல மழையாம். "தண்ணி நிக்குதுடா," என்றார், "சரியா அந்தத் துவைக்கிற கல்லுகிட்ட."