ஹப் மோட்டாரா, மிட் டிரைவா? தினமும் மிதிப்பவருக்கு எது தோது

வேலைக்குச் சைக்கிளில் போய் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று பலரையும் யோசிக்க வைப்பது அந்தச் சட்டைதான். யோசித்ததுமே அடுத்த கேள்வி வந்துவிடும்: மோட்டார் சக்கரத்துக்குள் இருக்க வேண்டுமா (ஹப்), பெடல் அச்சில் இருக்க வேண்டுமா (மிட் டிரைவ்)?

போட்டி பழையது. 1895இல் ஆக்டன் போல்டன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மின்சார சைக்கிளில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருந்தது. இரண்டே ஆண்டில் ஹோசியா லிபி அதைப் பெடல் அச்சுக்குக் கொண்டுபோனார்.

இன்று இரண்டிலும் இருப்பது பிரஷ் (சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் தரும் கரித்துண்டு) இல்லாத மோட்டார்தான். கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்க, காந்தங்கள் சுழலும். காந்தம் எங்கே வந்திருக்கிறது என்று சென்சார் சொல்ல, கன்ட்ரோலர் அடுத்த சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி எந்த வழியாக ரோட்டுக்கு வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மேட்டில் அது பளிச்சென்று தெரியும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, ஏற்றம் 8 சதவீதம், வேகம் மணிக்கு 10 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 220 வாட் வேண்டும். பயிற்சி இல்லாத கால்கள் வியர்க்காமல் தருவது அதில் பாதிகூட இருக்காது. மிச்சம் மோட்டார் தலையில் விழும். மணிக்கு 25 கி.மீ. ஓடும்போது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று சுற்றும், 10 கி.மீ.யில் 75 சுற்றுதான். ஹப் மோட்டாருக்கு மாற்ற வேறு கியர் கிடையாது. வேகம் குறையக் குறைய அது இழுக்கும் மின்சாரம் கூடும், அதில் கணிசமான பங்கு சூடாகிப் போகும். மின்சாரம் இரட்டிப்பானால் சுருளில் சூடு நான்கு மடங்கு. நீண்ட மேட்டில் ஹப் மோட்டார் கருகுவது இதனால்தான்.

மிட் டிரைவ் செயின் வழியாகத் தள்ளுவதால் சைக்கிளின் கியர்கள் அதற்கும் உதவும். நாம் கியரைக் குறைத்தால் போதும், சக்கரம் மெதுவாகப் போனாலும் மோட்டார் தனக்கு வாகான வேகத்திலேயே சுழலும். ஆனால் காலின் பலத்தையும் மோட்டாரின் பலத்தையும் ஒரே செயின் சுமக்கிறது. செயினும் பல்சக்கரங்களும் சீக்கிரம் தேயும். முழு பலத்தில் இருக்கும்போது கியர் மாற்றினால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும். கேட்டாலே மனசு பதறும்.

பஞ்சர் என்றால் கதை தலைகீழ். மிட் டிரைவில் பின்சக்கரம் சாதாரணச் சைக்கிள் சக்கரம்தான், சட்டென்று கழன்று வரும். பின்னால் ஹப் மோட்டார் உள்ள சக்கரத்தை மழைத் தூறலில் சாலையோரம் கழற்றியிருக்கிறேன். மோட்டார் வயரின் இணைப்பைப் பிரித்து, பெரிய ஸ்பேனரால் நட்டுகளைத் தளர்த்தி, வாஷர்களை வந்த வரிசையிலேயே எடுத்து வைக்க வேண்டும். நாக்கு வைத்த வாஷர் இடம் மாறி உட்கார்ந்தால், மோட்டார் தள்ளும்போது அச்சே சுழன்று வயரை முறுக்கிவிடும்.

ஹப் மோட்டாருக்குள் மாற்ற முடியாத ஒரே கியர் அமைப்பு இருக்கும் வகை உண்டு, அதுவும் இல்லாத வகையும் உண்டு. கியர் இல்லாத வகை பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். சைக்கிளின் எடைக்கு அது சொற்பம். பேட்டரி தீர்ந்தால் மிதிக்கக் கனமாக இருக்கும். தினசரிப் பயணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மோட்டார் இருக்கும் இடத்தைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது பெடல் சென்சாரை. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் ஒரு நொடி தாமதித்துத் திடீரென்று தள்ளும். நெரிசலில் முன்னால் போகும் வண்டியின் மேல் கொண்டுபோய் விட்டுவிடும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் காலோடு சேர்ந்து நடக்கும். மிட் டிரைவில் பெரும்பாலும் அதுதான் வரும். ஹப்பில் கேட்டு வாங்க வேண்டும்.

வழியில் நீண்ட மேடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மிட் டிரைவ். சமதளமும் ஒன்றிரண்டு பாலங்களும்தான் என்றால், கியர் உள்ள ஹப்பும் டார்க் சென்சாரும் சேர்ந்த வண்டியே என் தேர்வு. அதில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றப் போகாதீர்கள். டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, அப்படியே ஒட்டுப் போட்டுவிடலாம்.