டாமியா வெதரிங் மாஸ்டர் மூண்டு செட்டும் ஒரு கனடா இஞ்சினும்

மூண்டு மாசம் பாவிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறன், பெட்டிய உடைச்ச அண்டைக்கே எழுதினா அது பெட்டியப் பத்தின கதையாத்தான் இரிக்கும். மச்சான் டோஹாவில இரிந்து லீவுக்கு வரக்குள்ள டாமியா வெதரிங் மாஸ்டர் ஏ, பி, டி மூண்டு செட்டும் கொண்டந்து தந்தார், எவ்வளவு கேட்டும் காசு வாங்க மாட்டன் எண்டு நிண்டிட்டார், அதால விலைக்குப் பெறுமதியா இல்லையா எண்டு நான் சொல்ல ஏலாது. மத்தது எல்லாம் சொல்றன்.

தெரியாதவங்களுக்கு, இது சின்ன மொடல்களுக்கு தூசி, கறை, துருப் பட்டுப் பழசான மாதிரிக் காட்டப் பூசுற சாமான், பெயின்ட் இல்ல. முகத்துக்குப் பூசுற பவுடர் பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி, உள்ளுக்க மூண்டு நிறம், ஒரு பக்கம் ஸ்பொஞ்சும் மத்தப் பக்கம் பிரஷும் வச்ச சின்னக் குச்சி ஒண்டு. உதிர்ற தூள் இல்ல, கொஞ்சம் மெழுகுப் பிடிப்போட அமத்தி வச்ச பொடி. ஏ செட்டில மணல், வெளிர் மணல், சேறு. பி-யில பனி, புகைக்கரி, துரு. டி-யில எரிஞ்ச நீலம், எரிஞ்ச சிவப்பு, எண்ணெய்க் கறை. அவ்வளவுதான், தின்னர் தேவையில்ல, எயார் பிரஷ் தேவையில்ல, வீட்டில மணமும் இல்ல, சாப்பாட்டு மேசையில வச்சே செய்யலாம்.

நான் பூசினது எம்2 எண்ட ரெயில் இஞ்சின்ட மொடலுக்கு. எம்2 எண்டா 1954-ல கொழும்புத் திட்டத்துக்குக் கீழ கனடா நம்மட இலங்கைக்குத் தந்த டீசல் இஞ்சின், ஜெனரல் மோட்டர்ஸ்ட ஜி12 வகை, உள்ளுக்க 12 சிலிண்டர் 567சி எந்திரம், 1,425 குதிரை வலு. முதல்ல வந்ததுகளுக்கு ஒன்டாரியோ, அல்பர்ட்டா, சஸ்கச்சுவான் எண்டு கனடா மாகாணங்கள்ட பேர் வச்சாங்க, அதால எங்கட பெரியப்பா இண்டைக்கும் கனடா இஞ்சின் எண்டுதான் சொல்லுவார், அவர் ரெயில்வேயில வேல செஞ்சு பென்சன் எடுத்தவர். மொடலுக்கு நான் எடுத்தது பிரேசில் நாட்டு ஃபிரட்டெஸ்கி கொம்பனி செய்யிற ஜி12, எச்ஓ அளவு, அதாவது 87-ல ஒரு பங்கு. நம்மட பாதையில ரெண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 5 அடி 6 அங்குலம், 1676 மில்லிமீட்டர், அத 87-ஆல பிரிச்சா 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரணும், எச்ஓ தண்டவாளம் 16.5 தான். பக்கத்தால பாக்கக்குள்ள அது கண்ணுக்குப் படாது, முன்னால நிண்டு பாத்தா மட்டும் கால் ஒடுங்கின மாதிரித் தெரியும். நான் அத ஏத்துக்கிட்டன், சில்லு மாத்துற அளவுக்கு வசதி இஞ்ச இல்ல.

நம்பர் போடக்குள்ள 591 மனிடோபா எண்டு போட முதல்ல நினைச்சன், மனம் வரல்ல. 2004 சுனாமியில காலிப் பக்கம் பெரலியவில அள்ளுப்பட்ட கோச்சிய இழுத்துக்கிட்டுப் போனது அந்த இஞ்சின்தான், பிறகு திருத்தி திரும்ப ஓட விட்டாங்க. மட்டக்களப்புக் கல்லடியிலயும் திருச்செந்தூர்லயும் அதே சுனாமியில சனம் செத்துப் போன ஊர்ல இரிந்துகொண்டு அந்த நம்பருக்கு மேல தூசியும் கறையும் பூச எனக்கு ஏலல்ல. 570 அல்பர்ட்டா எண்டு போட்டன்.

சரி, பூச்சுக்கு வாறன்.

முதல் தரம் நான் செஞ்சது எல்லாரும் செய்ற பிழை. பி செட்டில துரு எண்டு ஒரு நிறம் இரிக்கு, அது அவ்வளவு வடிவா இரிக்கு, ஸ்பொஞ்ச எடுத்தன், போகி எண்ட சில்லுத் தொகுதி, எண்ணெய்த் தாங்கி, படி, கைபிடி, கதவு விளிம்பு எல்லாத்திலயும் தேச்சன், ரெண்டு மணித்தியாலம் போனதே தெரியல்ல. பெரியப்பாக்கிட்ட கொண்டு போய்க் காட்டினன். அவர் கண்ணாடிய மாட்டி, ரெண்டு கையாலயும் பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"மனே, இது ஓடுற இஞ்சின் இல்ல, யார்ட்டுக்குப் பின்னால ஒதுக்கிப் போட்ட இரும்பு. ஓடுற இஞ்சின்ட உடம்புல எப்பிடித் துருப் பிடிக்கும், பெயின்ட் அடிச்சுக் கிடக்கெல்லா?"

"அப்ப கீழ எல்லாம் மண்ணிறமா இரிக்கே பெரியப்பா?"

"அது பிரேக் தூசி. நாளைக்கு ஸ்டேசனுக்குப் போய் வடிவாப் பாத்துட்டு வா."

அவர் சொன்னதுதான் இந்த முழு வேலைக்கும் திறப்பு. வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை சில்லுல உரசக்குள்ள மாவு மாதிரி இரும்புத் தூள் பறக்கும், அது போகியிலயும் அடிப்பக்கத்திலயும் ஏற்கனவே கசிஞ்ச எண்ணெயில ஒட்டும், அதுக்கு மேல பாதைத் தூசி விழும், காத்துப் பட்டு எல்லாம் சேந்து மண்ணிறமாகும். இரும்பு தானா அரிச்சு வந்த நிறம் இல்ல, மேல வந்து படிஞ்ச நிறம். அதால அது விளிம்புலயும் கீறல்லயும் இராது, எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி மூடிப் போட்டிருக்கும், சில்லுக்குக் கிட்ட கூட, தூரப் போகப் போக குறைய. இத விளங்கின பிறகு துரு நிறத்த தனியாப் பாவிக்கிறதையே விட்டுட்டன்.

அடுத்த நாள் விடிய இரவுக் கோச்சி வந்து சேர்ற நேரம் மட்டக்களப்பு ஸ்டேசனுக்குப் போனன். நமக்கு ஒரு வசதி இரிக்கு, பாதை இஞ்ச முடியுது, இஞ்சினக் கழட்டி மத்தப் பக்கம் கொண்டு போய்ப் பூட்டுற மட்டும் நிண்டு பாக்கலாம். அண்டைக்கு நிண்டது எம்2 இல்ல, ஆனா தூசி எல்லா இஞ்சினுக்கும் ஒண்டுதான். மாகோவில கிறுகி கல்ஓயா, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை எண்டு காட்டுக்குள்ளாலயும் வயலுக்குள்ளாலயும் வந்து, வாழைச்சேனை தாண்டி கடல் மணல் பக்கம் இறங்குற கோச்சி. அந்தத் தூசி சிவப்பும் இல்ல மஞ்சளும் இல்ல, அறுவடை முடிஞ்சு காஞ்சு வெடிச்ச வயல் வரம்புட நிறம். கச்சான் காத்து அடிக்கிற ஆடி ஆவணியில அது படி உயரத்துக்கு வந்து நிக்கும், மாரி வந்தா உடம்பெல்லாம் கழுவுப்பட்டு கீழ மட்டும் கருஞ்சேறாக் கிடக்கும். ரெண்டையும் ஒரே மொடல்ல பூசினா பொய்யாப் போகும், ஒரு மாசத்தத் தெரிஞ்சு எடுக்கணும். நான் ஆவணி எடுத்தன்.

வீட்ட வந்து பழையத ஈரப் பஞ்சுக் குச்சியால துடைச்சன், பெரிய பாடு படாம முக்காவாசி போயிட்டு. இந்தப் பொருளுட பெரிய பலம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். பெயின்ட்டோ எனாமல் வோஷோ போட்டுப் பிழைச்சா அடிப் பெயின்ட்டுக்கும் பயப்படணும், இதுல மனசு மாறினா துடைச்சிட்டுத் திரும்பத் தொடங்கலாம், முதல் தரம் செய்றவனுக்கு அந்தத் தைரியம் பெரிய விசயம்.

ரெண்டாந் தரம் ஏ செட்டுட சேறும் பி செட்டுட துருவும் புகைக்கரியும் மூண்டையும் பிரஷ் நுனியில கலந்தன், சேறு ரெண்டு பங்கு, துரு ஒரு பங்கு, கரி தொட்டும் தொடாமலும். அத போகிக்கும் அடிச்சட்டத்துக்கும் குத்திக் குத்திப் போட்டன், தேய்க்கல்ல, தேச்சா மெழுகு இழுபட்டு கோடு விழும். அதுக்கு மேல வெளிர் மணல கொஞ்சமா, படிகள்ட மேல்பக்கம், எண்ணெய்த் தாங்கியுட மேல் விளிம்பு, தூசி வந்து குந்துற இடங்கள்ல மட்டும். உடம்புப் பக்கத்துக்கு கீழ இரிந்து மேல ஸ்பொஞ்சால ஒத்தி, பிறகு துப்புரவான காஞ்ச பிரஷால மேல இரிந்து கீழ ஒரே இழுவை, மழ தூசியக் கழுவி ஓடின தடம் மாதிரி வரும். எப்பவும் மேல இரிந்து கீழதான் இழுக்கணும், குறுக்கால போட்டா கண் உடனே பிடிச்சிரும்.

கூரைக்குப் புகைக்கரி. இதுல இந்த செட் அசத்துது. புகைபோக்கி வாயில நல்லாக் கறுப்பா, பின்னுக்குப் போகப் போக மங்கலா, விரலாலயே ஒத்தி ஒத்தி மங்க விடலாம், எயார் பிரஷ் வச்சிருக்கிறவங்களுக்கும் இந்த மங்கல் லேசில வராது. பனி எண்ட வெள்ளைய நம்ம ஊர்ல என்ன செய்றது எண்டு கேக்கலாம், நான் அத வெயில் குடிச்ச கூரைக்கும் இஞ்சின் மூடிக்கும் பாவிச்சன், மிச்சம் மிச்சம் மெல்லிசா, பெயின்ட் வெளிறின மாதிரி வந்திச்சு. பி செட்டில இந்த நிறம் வீணாப் போகும் எண்டு நினைச்சிருந்தன், கடைசியில கரிக்கு அடுத்ததா கூடக் குறைஞ்சது அதுதான்.

டி செட் டீசல் இஞ்சினுக்குப் பெரிசா வேலைக்கு உதவாது. எரிஞ்ச நீலமும் எரிஞ்ச சிவப்பும் சூடேறின வெறும் உலோகத்துக்கு, மோட்டர் சைக்கிள் சைலன்சர் மாதிரி சாமானுக்கு வடிவா இரிக்கும். எண்ணெய்க் கறை எண்டு பேர் வச்ச நிறமும் காஞ்ச பொடிதான், டீசல் சிந்தின இடம் ஈரமா மினுங்கணும், பொடி மினுங்காது. அதுக்கு டாமியாட எக்ஸ்-19 ஸ்மோக் பெயின்ட்டத்தான் நான் எடுத்தன், கண்ணாடி மாதிரி ஊடு தெரியிற கறுப்பு, எண்ணெய் ஊத்துற வாய்க்குக் கீழ மெல்லிய பிரஷால ரெண்டு கோடு, அவ்வளவுதான், பக்கத்தில தூசி மங்கலாக் கிடக்க அது மட்டும் மினுங்கக்குள்ள உண்மையிலயே இப்பதான் எண்ணெய் அடிச்ச மாதிரி இரிக்கு.

பொடி பிடிக்கிறதுக்கு அடி மங்கலா இரிக்கணும், மினுங்குற பெயின்ட்டுக்கு மேல போட்டா விரல் பட்ட உடனே வந்திரும். அதால முதல்ல மெட் வார்னிஷ் அடிக்கணும், இதுலதான் எனக்கு ஒரு அடி விழுந்திச்சு. போன கார்த்திகையில வேற ஒரு ரெயில் வாகன் மொடலுக்கு, மழ விட்ட கையோட, வெளி விறாந்தையில ஸ்ப்ரே கேனால அடிச்சன், அடுத்த நாள் பாத்தா முழுக்க வெண்பனி படிஞ்ச மாதிரி வெளிறிக் கிடக்கு. காத்துல ஈரம் கூடினா வார்னிஷ் காயக்குள்ள அந்த ஈரம் மேல படிஞ்சு வெள்ளையாப் போகும், வாவிக்கரையில இரிக்கிற நமக்கு மாரியில இது நிச்சயம் நடக்கும். இந்த இஞ்சினுக்கு ஆடியில, பகல் பதினொரு மணிக்கு, நல்ல காஞ்ச காத்துல அடிச்சன், ஒரு பிரச்சினையும் இல்ல. மாரியில வார்னிஷ் கேனத் தொடாதீங்க, அந்த மாசங்கள்ல கைப்பிரஷால பூசுற அக்ரிலிக் மெட் போதும்.

பூசி முடிச்ச பிறகு மேல திரும்ப வார்னிஷ் அடிக்கிறதா விடுறதா எண்டு யோசிச்சன். அடிச்சா பொடி பாதி காணாமப் போகும், வெளிர் மணல் கிட்டத்தட்ட முழுசா மறையும், ஒரு பழைய வாகன்ல பாத்துட்டன். அடிக்காட்டி கை பட்ட இடம் உரியும். நான் அடிக்கல்ல, இஞ்சின எப்பவும் எண்ணெய்த் தாங்கிக்குக் கீழ பிடிச்சுத் தூக்குறன், நம்மட வேர்வைக் கைக்கு மெல்லிய கையுறை ஒண்டும் மாட்டுறன். சின்னப் புள்ளைகள் தூக்கி விளையாடுற வீடெண்டா அடிச்சே ஆகணும், அப்ப பொடிய ஒண்டரை மடங்கு கூடப் போட்டுட்டு அடிங்க.

கண்ணாடி பத்தி ஒரு சின்னக் காரியம். முன் கண்ணாடிக்குத் தூசி போட முதல் வைப்பர் துடைக்கிற வளைவ மாஸ்கிங் டேப்புல வெட்டி ஒட்டிட்டு, வெளிர் மணல ஒத்தி, டேப்ப உரிச்சா உள்ளுக்க மட்டும் துப்புரவா ஒரு விசிறி தெரியும். அஞ்சு நிமிச வேலை, பெரியப்பா முதல்ல கை வச்சுக் காட்டினது அந்த இடத்தத்தான்.

சில்லுல கவனம். பக்கத்துக்கு நிறம் போடலாம், தண்டவாளத்தில படுற இடத்தில பொடி இரிந்தா கரன்ட் எடுக்காம இஞ்சின் விக்கி விக்கி ஓடும். இஞ்சினக் கவுட்டு வச்சு, கரன்ட் குடுத்து, மெதுவாச் சுத்த விட்டுக்கொண்டே பக்கத்துக்குப் பூசுங்க, பிறகு ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால ஓடுற இடத்தத் துடைங்க. மருமகன் ஒரு யோசனை சொன்னான், உண்மையான பிரேக் தூசியையே கொண்டந்து பூசினா என்ன மாமா எண்டு. கேக்க நல்லாத்தான் இரிக்கு, ஆனா அது இரும்புத் தூள், மொடலுட மோட்டருக்குள்ள காந்தம் இரிக்கு, அது எல்லாத்தையும் உள்ளுக்க இழுத்து மோட்டர முடிச்சிரும். அதோட பாதைக்குள்ள இறங்கிப் பொறுக்குற வேலையும் கூடாது.

செட் கிடைக்காதவங்க சோக் பேஸ்டல் குச்சிய மண் கடதாசியில தேச்சுத் தூளாக்கிப் பாவிக்கலாம், அடுப்புக் கரியும் நல்லா அரிச்சு எடுத்தா புகைக்கு உதவும். நான் ரெண்டையும் செஞ்சு பாத்தன், நிறம் வரும், ஆனா மெழுகுப் பிடிப்பு இல்லாததால ஒட்டுறது குறைய, அரைக்கக்குள்ள மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், பேன நிப்பாட்டிட்டுத்தான் செய்யணும். டாமியா பெட்டியில பறக்கிற தூசி நல்லாக் குறைய, அந்த வித்தியாசத்துக்கே பி செட் வாங்கலாம்.

ஒரு செட்தான் வாங்க ஏலும் எண்டா பி. ரெண்டெண்டா ஏ-யும் பி-யும், நம்மட பாதைக்கு இது ரெண்டும் போதும். டி-ய விடுங்க, அந்தக் காசுக்கு எக்ஸ்-19 ஒரு போத்தலும் நல்ல சின்னப் பிரஷ் ரெண்டும் எடுங்க, ஏனெண்டா பெட்டியோட வாற குச்சி கூரைக்கும் பக்கத்துக்கும் சரி, போகியுட இடுக்குக்குள்ள போகாது. ஒரு இஞ்சினுக்கும் மூண்டு வாகனுக்கும் பூசின பிறகும் என்ட பெட்டிகள்ல சேறும் துருவும் முக்காவாசி கிடக்கு. வெளிர் மணல்தான் அடி தெரியுது. மச்சான் தைப்பொங்கலுக்கு வாறாராம், ஏ செட் மட்டும் ஒண்டு எடுத்து வாங்க, இந்த முற காசு வாங்கினாத்தான் வாங்குவன் எண்டு சொல்லி வச்சிருக்கன்.