ரெக்கவரி டிவிடியா, மறைவான பார்ட்டிஷனா, சிஸ்டம் இமேஜா?

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளிலும் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்று பூட் ஆகாமல் நின்றுவிட்டால் எதை வைத்து மீட்பது?

வைரஸ், பாதியில் கெட்ட அப்டேட் போன்றவற்றுக்கு ஹார்டுடிஸ்க்கிலேயே மீட்புக்கென்று மறைவாக ஒதுக்கிய பகுதியான ரெக்கவரி பார்ட்டிஷன் போதும். லேப்டாப்பை ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய கீ: எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-உம், ஆசூஸில் எஃப்9. டிஸ்க் தேட வேண்டியதில்லை, செலவும் இல்லை. ஆனால் ஹார்டுடிஸ்க் செத்தால் இதுவும் சேர்ந்து செத்துவிடும்.

லேப்டாப்போடு வந்த, அல்லது வாங்கியதும் நாமே எழுதிவைத்த ரெக்கவரி டிவிடி கைகொடுப்பது அப்போதுதான். புது ஹார்டுடிஸ்க் போட்டு முதல் டிவிடியைச் செருகினால் விண்டோஸ், அந்த மாடலுக்கான டிரைவர்கள், லைசென்ஸ் எல்லாம் வந்துவிடும். ஆனால் லேப்டாப் வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படித்தான் திரும்பும். உங்கள் படங்கள், கணக்குகள், போட்டுவைத்த சாஃப்ட்வேர் எதுவும் அதில் இருக்காது. பழைய டிஸ்க்கிலேயே ஓடவிட்டால் பெரும்பாலும் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதனால் டிஸ்க் உயிரோடு இருந்தால் அதைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கணினியில் ஃபைல்களைக் காப்பி எடுத்த பிறகே டிவிடியைத் தொடுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டில் எழுதிய டிவிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். கீறலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்; சாயம் மங்கியது கண்ணுக்குத் தெரியாது. நான்கு டிவிடி கொண்ட செட்டில் மூன்றாவது படிக்காமல் போனால் அங்கேயே நின்றுவிடும், பழையதும் அதற்குள் அழிந்திருக்கும். ஒரே ஒரு செட் மட்டும் எழுத அனுமதித்த கம்பெனிகளும் உண்டு. ஆகவே, இப்போதே ஒவ்வொரு டிவிடியையும் ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு டிவிடியின் நகல் அடங்கிய ஒரே ஃபைல்) மாற்றி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். அப்படி மாற்றும்போதே எது படிக்கிறது, எது படிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

என் ஓட்டு சிஸ்டம் இமேஜுக்குத்தான்; அதாவது விண்டோஸ், சாஃப்ட்வேர், ஃபைல்கள் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து வைப்பது. விண்டோஸ் 7-இலேயே அந்த வசதி இருக்கிறது. இமேஜ் எடுக்க இலவசமாகக் கிடைக்கும் குளோன்ஜில்லா என்ற சாஃப்ட்வேரும் நல்லது. டேலி, பிரின்டர் டிரைவர், தமிழ் ஃபான்ட் என்று நாம் பொறுமையாகச் சேர்த்தவை எல்லாம் இமேஜ் எடுத்த நாளில் இருந்தபடியே திரும்பி வரும். டிவிடியில் மீட்டால் அப்டேட்டே ஒரு தலைவலி: 2019-க்குப் பிந்தைய அப்டேட்டுகளுக்கு ஷா-2 (அப்டேட் அசலானதுதானா என்று சரிபார்க்கும் முறை) ஆதரவு தேவை என்பதால், அதற்கான பேட்ச்களை முதலில் கையால் போட வேண்டும். இமேஜில் இந்தத் தொல்லை இல்லை, எடுத்தபோது அவை போடப்பட்டிருந்தால்.

இமேஜிலும் ஒரு சிக்கல் உண்டு. 500 ஜிபி டிஸ்க்கில் எடுத்ததை 240 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்கப் பார்த்தால், உள்ளே இருப்பது 60 ஜிபிதான் என்றாலும் விண்டோஸ் கருவி மறுத்துவிடும். புது டிஸ்க் பழைய அளவோ அதற்கு மேலோ இருக்கட்டும். விண்டோஸ் ஓடாதபோது லேப்டாப்பை பூட் செய்து இமேஜை இறக்க உதவும் ரிப்பேர் டிஸ்க்கையும் தனியாக எழுதி, அதில் லேப்டாப் பூட் ஆகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 8, 10 போட்டு வந்த லேப்டாப் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருப்பதால், 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் இன்ஸ்டாலர் போதும். ஃபைல்களை மட்டும் தனியாக பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.