செயலி காட்டுவதைப் பார்ப்பதா, நாமே பட்டியல் போட்டுப் படிப்பதா?

மூன்று வருஷத்துக்கு முன்னால், காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் வளவுச் சுவரின் அடியில் ஓதம் ஏறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு வீடியோ செயலியில் தேடினேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் ஒரே பேச்சுதான்: பழைய பூச்சைக் கொத்தி எடு, சிமென்ட் பூசு, மேலே வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடி. இத்தனை பேர் சொல்கிறார்களே என்று நம்பி ஒரு பக்கச் சுவரில் செய்தும்விட்டேன். அடுத்த மழைக்கு ஈரம் சிமென்ட்டையும் தாண்டி இடுப்பு உயரத்துக்கு ஏறி நின்றது.

வந்து பார்த்த பெரிய கொத்தனார் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது சுண்ணாம்புச் சுவரு. உள்ள ஏறுற ஈரம் வெளிய போகணும். நீங்க வழிய அடைச்சிட்டீங்க" என்றார்.

நான் பத்து சாட்சி என்று நினைத்தது உண்மையில் ஒரே சாட்சி. முதல் வீடியோவை முழுதாகப் பார்த்தேன். அதன் ஜாடையில் இருந்ததையெல்லாம் செயலி அடுத்தடுத்து எடுத்து வைத்தது. கெமிக்கல் விற்பவர்கள் வீடியோ போடுவார்கள், சுண்ணாம்பு அரைப்பவர்கள் எத்தனை பேர் போடுவார்கள்?

வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் வதந்திகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 இல் இந்தியாவில் வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2020 இல், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் என்று குறைத்தார்கள். அதனால் வேகம் குறையும், அவ்வளவுதான். செய்தி சரியா என்று பார்க்கும் வேலை நம்முடையதுதான்.

இப்போது நான் ஃபீட் ரீடர் (பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் கருவி) வைத்திருக்கிறேன். நம்பும் தளங்களை நாமே பட்டியலில் சேர்க்க வேண்டும். அவர்கள் புதிதாக எழுதியது தேதி வரிசைப்படி வரும். எதை மேலே தூக்குவது என்று இடையில் யாரும் தீர்மானிப்பதில்லை.

ஆனால் பராமரிப்பு இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். செயலி காட்டுவதைப் பார்க்க உழைப்பே வேண்டாம். பட்டியலுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். செத்துப்போன தளங்களை எடுக்கிறேன். பழைய வீடுகளைப் பற்றி அருமையாக எழுதிவந்த ஒரு தளம் கைமாறி, ஒரே வாரத்தில் சூதாட்ட விளம்பரமாகிவிட்டது. அதை நானாகப் பார்த்துத்தான் நீக்கினேன்.

அதே அரை மணியில்தான் தகவல்களை ஒத்துப் பார்ப்பதும். செட்டிநாட்டில் எத்தனை ஊர்? ஒரு தளத்தில் 73, வேறு மூன்றில் 75. யாரோ தப்பு என்று முதலில் நினைத்தேன். 2014 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோது வந்த விவரத்தைத் திறந்தால், 73 கிராமம், 2 நகரம் என்றிருக்கிறது. இரண்டும் சரிதான். 75 என்று போட்டிருந்த மூன்று தளங்களில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. அதனால் அந்த மூன்றையும் ஒன்றாகவே கணக்கு வைத்தேன்.

ஃபீட் ரீடரையே மூடிவிட்டால்? 2005 இல் வந்த கூகுள் ரீடர் என்ற ஃபீட் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். ஆனால் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வேறு ரீடரில் ஏற்றிக்கொள்ளலாம். வீடியோ செயலி நம் ரசனையைப் படித்து வைத்திருக்கும் கணக்கை அப்படி எடுத்துப்போக முடியாது.

என் பட்டியல் வீடு, விவசாயம், ஊர் வரலாறு இவற்றோடு சரி. மருத்துவ விஷயத்தில் இப்படிப் படித்து முடிவெடுத்த அனுபவம் எனக்கில்லை, டாக்டரிடம்தான் போகிறேன். அன்றன்றைய செய்திக்கும் இது மெதுவான வழிதான். அப்புறம், தமிழில் நன்றாகச் சொல்லித்தரும் பலர் வீடியோ மட்டுமே போடுகிறார்கள். எழுதுவதில்லை. பேர் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கச் செயலியின் பரிந்துரை உதவும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

போன மாதம் அந்தச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தாயிற்று. சுண்ணாம்பு தொட்டியில் நீறிக்கொண்டிருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்துப் பூச வேண்டும். எவ்வளவு குழைய வேண்டும் என்பது படித்துப் புரியவில்லை. அதற்கு மட்டும் வீடியோ பார்த்தேன். கொத்தனாரிடமும் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இவரு வேலை தெரிஞ்சவருதான்" என்றார். பட்டியலில் சேர்த்துவிட்டேன்.