சேத்தக்கும் கைனடிக் ஹோண்டாவும்: 2டி ஆயிலைக் கலப்பதா, பம்புக்கு விடுவதா?

வீட்டில் இரண்டு வகையும் இருக்கின்றன. அப்பா வாங்கிய பஜாஜ் சேத்தக்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் பாகங்கள் உரசித் தேயாமல் காக்கும் ஆயில்) கலந்துதான் ஊற்ற வேண்டும். நான் பழைய வண்டியாக வாங்கிய கைனடிக் ஹோண்டாவில் ஆயிலுக்குத் தனி டேங்க், அதை எஞ்சினுக்கு ஊட்டுவதை ஒரு பம்ப் பார்த்துக்கொள்ளும். சேலத்தில் பல வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். தினமும் வேலைக்குப் போய்வர எது நல்லது என்று கேட்டால் கைனடிக் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் என்ற அறை வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. அதனால் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி மாதிரி அடியில் ஆயில் தேக்கி வைக்க முடியாது. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றுக்கும் அந்த வழியில் கூடவே வரும் ஆயில்தான் கதி. வேலை முடிந்ததும் அதுவும் எரிந்து சைலன்சர் வழியாக வெளியே போய்விடும்.

சேத்தக்கில் நான் போடும் கணக்கு லிட்டருக்கு 20 மி.லி., அதாவது 50க்கு 1. முன்பெல்லாம் பெட்ரோல் பங்கிலேயே கைப்பிடி வைத்த ஆயில் பம்ப் நிற்கும், ஒரு இழுப்பு இழுத்தால் அளவாக வரும். இப்போது பாட்டில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்கிறேன். அளப்பதற்குக் குழந்தைகளின் பால் பாட்டிலைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. ஆயிலை முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் விழ வேண்டும். அந்த வேகத்திலேயே கலந்துவிடும். பெட்ரோல் போட்ட பிறகு ஊற்றினால் ஆயில் அடியில் போய் உட்கார்ந்து, முதல் கிலோமீட்டரிலேயே கார்புரேட்டருக்கு வெறும் ஆயிலாக இறங்கும். வண்டி இருமும், பிளக் நனைந்து நின்றுவிடும். அப்புறம் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து... சேத்தக் ஓட்டியவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

'பாதுகாப்புக்கு' என்று கூடுதலாக ஆயில் ஊற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை அதேதான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், காற்றோடு சேரும் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகும். சைலன்சரில் கரி அடைப்பது தனிக்கணக்கு.

பம்ப் வைத்த வண்டியில் இந்த வேலை எதுவும் இல்லை. யமஹா 1964லேயே 'ஆட்டோலூப்' என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. நம்மூர் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வரை அதுதான் வந்தது. எஞ்சினே பம்பைச் சுற்றுகிறது, ஆக்சிலேட்டரைத் திருகத் திருக ஒவ்வொரு சுற்றுக்கும் விழும் ஆயில் கூடுகிறது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது மிகக் குறைவாகவும், ஏற்றத்தில் தாராளமாகவும் கிடைக்கும். கலந்து ஊற்றும் வண்டியோ நின்றாலும் ஓடினாலும் அதே 50க்கு 1தான். நகரத்துக்குள் கைனடிக் குறைவாகப் புகைவதற்கும், அதன் பிளக் நீண்ட நாள் சுத்தமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

உண்மையான வித்தியாசம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு. சேத்தக்கில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு, கியரிலேயே பிடித்து இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் மிகக் குறைவாகத்தான் போகும். பெட்ரோல் இல்லையென்றால் ஆயிலும் இல்லை. அதனால் வளைவுக்கு வளைவு லேசாக ஒரு திருகு கொடுத்துக்கொண்டே வருவேன். பம்ப் அப்படியில்லை. எஞ்சின் சுற்றும்வரை கொஞ்சமாவது ஆயில் தள்ளும்.

சரி, நிபந்தனைக்கு வருவோம். கலவை வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பம்ப் வண்டியில் ஆயில் தீர்ந்தால் வண்டி நிற்காது. நன்றாகவே ஓடும், பிஸ்டன் சிலிண்டரைப் பிடிக்கும்வரை. டேங்க் ஒருமுறை வறண்டுவிட்டால் திரும்ப நிரப்பினால் மட்டும் போதாது. குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒரு பட்டறையில் என் வண்டியின் பம்பைக் கழற்றி மாட்டியபோது இதைச் செய்யாமலேயே கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் குழாயில் காற்றுக் குமிழி தெரிந்ததால் தப்பித்தேன். காற்று எடுத்தபின்னும் முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் கொஞ்சம் ஆயில் கலந்து ஓட்டினேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் டேங்கையும் எட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர் பம்ப் வண்டி வைத்துக்கொள்ள வேண்டாம்.

புகையைப் பார்த்ததும் 2டி ஆயிலைக் குறைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேத்தக்கில் கிளட்ச் பக்க ஆயில் சீல் (கியர் ஆயில் எஞ்சினுக்குள் போகாமல் தடுக்கும் வளையம்) போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை மண்டும், கியர் ஆயில் மட்டம் இறங்கும். அங்கே குற்றம் கலவையில் இல்லை.

எப்போதாவது மட்டும் எடுக்கும் வண்டி என்றால் என் கணக்கு மாறும். அங்கே கலவைதான். கெட்டுப்போகப் பம்ப் இல்லை, அதை ஆக்சிலேட்டரோடு இணைக்கும் கேபிள் இல்லை, காற்றுத் தொல்லை இல்லை. ஆனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய இ20 பெட்ரோலில் அந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், கலந்ததை டேங்கில் மாதக்கணக்கில் விடாமல் வடித்துவிடுகிறேன்.

பழைய கைனடிக்கோ ஆர்எக்ஸோ வாங்கப் போகிறவர்கள் விலை பேசுமுன் பம்பைப் பாருங்கள். உதிரிபாகம் தேடி அலுத்து, பம்பைத் துண்டித்துவிட்டுக் கலந்தே ஓட்டியவர்கள் நிறையப் பேர். விற்கும்போது பலர் சொல்வதில்லை. ஆயில் டேங்க் நிறைந்தே இருக்கும், ஆனால் மட்டம் இறங்காது. பெட்ரோல் டேங்கில் 2டி ஆயிலின் நிறம் தெரிகிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் தீரும்வரை லிட்டருக்கு 20 மி.லி. கலந்தே வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். கொஞ்சம் புகையும், பரவாயில்லை.